எத்தனை குச்சி விழுந்தது?

சாம்பியன் ரீப்ஸ்
12 செப்டம்பர் 1904

பிரியமுள்ள அண்ணிக்கு, ஐடா பணிவுடன் எழுதுவது.

இந்த நேரத்தில் எழுத உட்கார்ந்ததற்கு முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஏனோக் இப்போதுதான் தூங்கினான். தூங்கிய பிறகும் என் முந்தானை அவன் கைக்குள்தான் இருக்கிறது. எழுத்து கோணியிருந்தால் அதுதான் காரணம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? வேலூரில் மழை பிடித்துவிட்டதா?

உங்கள் கடிதம் சனிக்கிழமை வந்தது. உங்கள் தம்பியான என் வீட்டுக்காரர் எழுதியதைப் பார்த்துவிட்டு, "பையனை என்னிடம் அனுப்பிவிடு, அந்தக் குலுங்குகிற ஊரில் வைத்து அவனைக் கெடுக்காதே" என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் போர்டிங் பள்ளியில் மேட்ரனாக இருந்து நூறு பிள்ளைகளை வளர்த்தவர்கள். உங்களுக்குத் தெரியாதது இல்லை. ஆனாலும் நடந்ததை என் வாயால் சொல்லிவிடுகிறேன்.

தங்கத்துக்காகப் பூமிக்கடியில் பாறையைக் குடைந்துகொண்டே போவதால், சில வேளை மேல்பாரம் தாங்காமல் பாறை வெடிக்கிறது. இங்கே அதை ஏர் பிளாஸ்ட் என்கிறார்கள். மேலே வீடுகளெல்லாம் ஒரு குலுங்கு குலுங்கி நிற்கும். போன மூன்றாம் தேதி வந்தது பெரியது. அலமாரியிலிருந்த பீங்கான் தட்டுகள் ஒன்றுகூட மிஞ்சவில்லை. அன்று இரண்டு பேரைத் துணி மூடி மேலே கொண்டுவந்தார்கள். ஏனோக் அதைப் பார்த்துவிட்டான். அதிலிருந்து கூரை போட்ட எதற்குள்ளும் வரமாட்டேன் என்கிறான். சாப்பாடு வாசலில், படுக்கை வேப்பமரத்தடியில். பேச்சும் சுருங்கிவிட்டது. ஐந்து வயதுப் பிள்ளை, ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம்.

எங்கள் சபையார் சுரங்கத் தொழிலாளர் லைன் வீடுகளின் பிள்ளைகளுக்கு ஒரு சின்ன வகுப்பு வைத்து, என்னை நடத்தச் சொல்கிறார்கள். ஐந்து வயதிலிருந்து எட்டு வரை இருபத்துமூன்று பேர். தகரக் கொட்டகை. காலேஜில் படித்த கிண்டர்கார்டன் முறையெல்லாம் பெட்டியில் பூச்சி அரித்துக்கொண்டிருக்கிறதே, அதை இங்கே காட்டலாம் என்று ஒப்புக்கொண்டேன். ஏனோக்கையும் கூட்டிப் போவேன். ஈஸ்டர் வரைக்கும் எனக்குத் தவணை கொடுங்கள் அண்ணி. அதற்குள் அவன் தெளியாவிட்டால், நானே கொண்டுவந்து உங்களிடம் விடுகிறேன்.

உங்கள் அன்பை நம்பியிருக்கும்,
ஐடா


வேலூர்
20 செப்டம்பர் 1904

அன்புள்ள ஐடாவுக்கு, ஞானசுந்தரி ஆசீர்வதித்து எழுதுவது.

என் முழங்காலுக்கு ஒன்றுமில்லை, அது என்னைவிட அதிகமாகப் பேசுகிறது, அவ்வளவுதான்.

ஈஸ்டர் என்றால் ஈஸ்டர். பேச்சு மாறாதே. படித்தவர்கள் தவணை கேட்பதில் கெட்டிக்காரர்கள் என்று எனக்குத் தெரியும். இங்கே என் அறைக்குப் பக்கத்து அறையைப் பெருக்கி வைத்திருக்கிறேன். ஜன்னலுக்கு வெளியே மாமரம். தரை குலுங்காது.

ஒன்று கேட்கிறேன். இரண்டு பேரைத் துணி மூடிக் கொண்டுவந்ததை ஏனோக் எப்படிப் பார்த்தான்? உன் வீட்டுக்கும் சுரங்கத்து ஷாப்ட் வாய்க்கும் அரை மைல் என்று தம்பி முன்பு எழுதியிருக்கிறான். தம்பி எப்படி இருக்கிறான்? அவனைப் பற்றி உன் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை.

தபால்காரரிடம் ஒரு டப்பா முறுக்கு கொடுத்தனுப்புகிறேன். பையனுக்கு. உனக்கல்ல.

ஞானசுந்தரி


சாம்பியன் ரீப்ஸ்
9 அக்டோபர் 1904

பிரியமுள்ள அண்ணிக்கு,

நீங்களும் போர்டிங் பிள்ளைகளும் சுகமென்று நம்புகிறேன். முறுக்கு வந்தது. நான் திருடித்தான் தின்றேன்.

என் முதல் பாடம் என்ன ஆயிற்று என்று கேளுங்கள். சிரித்தால் சிரித்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைகள் எல்லோருக்குமே குலுக்கலென்றால் உதறல். பயப்படுகிற பொருளைக் கையில் எடுத்துப் பார்க்கச் சொல்ல வேண்டும் என்று படித்திருக்கிறேன். குலுக்கலை எப்படிக் கையில் எடுப்பது? கூரை விட்டத்திலிருந்து ஒரு கனமான பித்தளைப் பூட்டைக் கயிற்றில் தொங்கவிட்டேன். பூட்டின் அடியில் ஒரு கருவேல முள். முள்ளின் நுனி தொடும்படி கீழே ஒரு தட்டில் சலித்த அடுப்புச் சாம்பல். பூமி ஆடினால் முள் சாம்பலில் கோடு போடும். நாம் கோட்டை அளந்து சிலேட்டில் எழுதுவோம். எப்படி?

மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் சாம்பல் முழுக்கக் கோடு! இராத்திரி முழுக்கப் பூமி ஆடியிருக்கிறது, நமக்குத்தான் தெரியவில்லை என்று பயந்தேன். சாம்பலைத் தட்டிச் சமன் செய்தேன். பத்து நிமிஷத்தில் மறுபடி கோடு. பிள்ளைகள் பயப்படக் கூடாதென்று மூன்று நாள் தட்டைத் துணி போட்டு மூடி வைத்தேன். நான்காம் நாள் சம்பங்கி துணியைத் தூக்கிப் பார்த்துவிட்டாள். ஏழு வயது, லைன் வீட்டுப் பெண், அம்மா பாப்பம்மா ஒரு துரை வீட்டில் பெருக்குகிறவள்.

"இன்னாம்மா இது, மூடி மூடி வச்சிக்கினு கீறீங்க?"

"பூமி ஆடுதும்மா. அதான் கோடு."

"பூமியா? ஐயோ, இது மில்லும்மா! தடால் தடால்னு குத்திக்கினே கீதே, கேக்கல?"

கல்லை நொறுக்கும் ஸ்டாம்ப் மில் கால் மைல் தூரத்தில் இரவும் பகலும் இடிக்கிறது. ஆறு வருஷமாகக் கேட்டுக் கேட்டு எனக்குக் காதில் விழுவதே இல்லை. இந்த ஊரில் மில் நின்றால்தான் குழந்தைகள் விழித்துக்கொண்டு அழும். எஃப்.ஏ. படித்தவள் மூன்று நாள் மில்லுக்குப் பயந்திருக்கிறேன்!

பிறகு பிள்ளைகளே வேறு வழி கண்டார்கள். ஒரே பருமனான மூங்கிலில் ஐந்து துண்டு, நெட்டையிலிருந்து குட்டை வரை. ஒரு பலகையில் நிற்கவைத்தோம். மில்லின் நடுக்கத்துக்கு விழாத அளவு வரை நெட்டையைக் கொஞ்சம் கொஞ்சமாக நறுக்கினோம். சின்னக் குலுக்கலுக்கு நெட்டை மட்டும் விழும், பெரியதற்கு அடுத்தடுத்தது. நெட்டைக்கு "துரை" என்று பேர் வைத்திருக்கிறார்கள், அடுத்ததற்கு "மேஸ்திரி". லேசாக அசைந்தாலே விழுகிறவர்களாம். நாலாவது "குட்டை". கடைசி, எல்லாவற்றிலும் சின்னது, "அம்மி". அது விழுந்ததே இல்லை.

சட்டம் ஒன்றும் போட்டிருக்கிறோம். குலுங்கினால் யாரும் ஓடக்கூடாது. ஓடினால் தரை அதிர்ந்து மற்றக் குச்சியும் விழுந்துவிடும், கணக்குக் கெட்டுவிடும். இதைச் சொன்னது நானில்லை, சம்பங்கி.

ஏனோக் கொட்டகைக்குள் வரவில்லை. வாசற்படிக்கு வெளியே நின்று பார்க்கிறான். ஆனால் பார்க்கிறான் அண்ணி.

என்றும் அன்புடன்,
ஐடா


சாம்பியன் ரீப்ஸ்
2 நவம்பர் 1904

பிரியமுள்ள அண்ணிக்கு,

உங்களிடமிருந்து பதில் இல்லை. பரீட்சைக் காலம் என்று எண்ணிக்கொள்கிறேன். அங்கே காய்ச்சல் ஏதும் பரவவில்லையே?

இந்த மாதம் பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுத்தேன். "பூமி ஏன் குலுங்குகிறது என்று உங்கள் வீட்டில் என்ன சொல்கிறார்கள்? கேட்டு வந்து சொல்லுங்கள்." ஒரு வாரம் எங்கள் கொட்டகை சந்தையாகிவிட்டது!

சுரங்கத்தில் வேலை செய்யும் பெருமாளின் பையன், அவர்கள் வட ஆற்காட்டிலிருந்து வந்தவர்கள், "பூமாதேவி ஒரே பக்கமா படுத்தா நோவாதா? பொரண்டு படுக்கிறா" என்றான். தெலுங்குப் பிள்ளைகள் ஆதிசேஷன் தலை மாற்றுகிறான் என்றார்கள். ஒரு துலுக்கப் பிள்ளை, பூமியைத் தாங்கும் காளை ஒரு கொம்பிலிருந்து மறு கொம்புக்கு மாற்றுகிறது என்று தானே காளையாகிக் காட்டினான். எங்கள் உபதேசியார் மகள், கடைசி நாளின் அடையாளம் என்றாள். சம்பங்கியின் அம்மா வேலை செய்யும் சுரங்கக் கேப்டன் துரை, சீமையில் கார்ன்வால் பக்கத்துக்காரர். அவர்கள் ஊர்ச் சுரங்கத்தில் முழங்கால் உயரத்தில் சின்ன மனிதர்கள் இருந்துகொண்டு பாறையைத் தட்டுவார்களாம். சாப்பாட்டில் ஒரு துண்டு அவர்களுக்கு வைக்காவிட்டால் கோபித்துக்கொள்வார்களாம். "தொரைங்களுக்கும் பயம்தாம்மா" என்று சம்பங்கி ரகசியமாகச் சொன்னாள்.

எல்லாவற்றையும் சுவரில் கரியாலும் செம்மண்ணாலும் வரைந்தார்கள். காளைக்குப் பக்கத்தில் பாம்பு, பாம்புக்குப் பக்கத்தில் தொப்பி போட்ட சின்ன துரை. எது சரி, எது தப்பு என்று நான் சொல்லவில்லை. எத்தனை நாட்டு ஜனங்களுக்கு ஒரே பயம் என்பதை மட்டும் எண்ணச் சொன்னேன். ஐந்து.

ஏனோக்கையும் கேட்டேன். அவனும் ஏதோ சொன்னான். பிள்ளைகள் சிரித்தார்கள்.

குலுக்கல் இரண்டு முறை வந்தது. ஒன்றில் துரை மட்டும், இன்னொன்றில் துரையும் மேஸ்திரியும். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஐடா


வேலூர்
15 நவம்பர் 1904

அன்புள்ள ஐடாவுக்கு,

எனக்குச் சுகம்தான். போர்டிங்கில் பதினேழு பேருக்குப் பொன்னுக்குவீங்கி. அதனால்தான் எழுதவில்லை.

உன் கடிதத்தைப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டினேன். கொம்பு மாற்றும் காளையை இங்கே எல்லோரும் நடித்துக்கொண்டிருக்கிறார்கள், வீங்கின கன்னத்தோடு.

கேப்டன் துரை வீட்டுக் கதைவரை எழுதினாய். உன் மகன் சொன்னதை மட்டும் எழுதவில்லை. என்ன சொன்னான்? போன கடிதத்தில் கேட்ட இரண்டு கேள்விக்கும் பதில் இல்லை. நான் மறந்துவிட்டேன் என்று நினைத்தாயா?

ஞானசுந்தரி


சாம்பியன் ரீப்ஸ்
4 டிசம்பர் 1904

அன்புள்ள அக்காவுக்கு, தம்பி சாம்ராஜ் எழுதுவது.

நலம். நலமே அறிய விரும்புகிறேன். எனக்குக் கடிதம் எழுத வராது என்று உனக்குத் தெரியும், தப்பிருந்தால் திட்டாதே.

உன் கடிதத்தை ஐடா நாலு தரம் எடுத்துப் படித்துவிட்டுப் பதில் எழுதாமல் வைத்துவிடுகிறாள். அதனால் நான் எழுதுகிறேன். அவளிடம் சொல்லிவிடாதே.

கீழே பாறை இடிந்து விழாமல் முட்டுக்கட்டை கொடுக்கிற கூட்டத்துக்கு நான் மேஸ்திரி. பாறை வெடித்தால் எங்களைத்தான் முதலில் கூப்பிடுவார்கள். இது அவளுக்குத் தெரியும். மேலே குலுங்கினால் போதும், பையனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு ஷாப்ட்டுக்கு ஓடி வந்துவிடுகிறாள். ஆளை ஏற்றிவரும் கேஜ் மேலே வந்து நான் இறங்குகிறவரை அங்கேயே நிற்கிறாள். ஒரு மணி நேரம் ஆனாலும், நாலு மணி நேரம் ஆனாலும். நான் வெளியே வந்ததும் முதலில் தெரிவது அவள் முகம். அடுத்தது அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிற பையன் முகம். செப்டம்பரில் அந்த இரண்டு பேரைக் கொண்டுவந்தபோதும் அப்படித்தான் நின்றார்கள்.

கொட்டகையில் பிள்ளைகளுக்கு ஓடக்கூடாது என்று சட்டம். முதல் ஆளாக ஓடுகிறது வாத்தியாரம்மா. லைனில் எல்லோருக்கும் தெரியும். சிரிக்கிறார்கள், ஆனால் கெட்ட எண்ணத்தில் இல்லை. வராதே என்று நான் சொன்னதில்லை. அவள் முகத்தைப் பார்த்தால்தான் எனக்கும் மேலே வந்த மாதிரி இருக்கிறது. அதையும் அவளிடம் சொன்னதில்லை.

இப்படிக்கு,
சாம்ராஜ்


வேலூர்
12 டிசம்பர் 1904

அன்புள்ள ஐடாவுக்கு,

உனக்கும் தம்பிக்கும் பையனுக்கும் கிறிஸ்துமஸ் வாழ்த்து முன்கூட்டியே. கேக் அனுப்புகிறேன், நசுங்காமல் வந்தால் உன் அதிர்ஷ்டம்.

கேள்விகளை நான் திருப்பி எடுத்துக்கொள்கிறேன். பதில் வேண்டாம். ஒரே ஒரு காரியம் செய். சுவரில் ஐந்து கதை வரைந்திருக்கிறீர்களே, கீழே இருக்கிறவன் கதை அதில் எங்கே? ஒரு நாள் ஷிப்ட் முடிந்ததும் தம்பியை உன் கொட்டகைக்குக் கூப்பிடு. முட்டு எப்படிக் கொடுக்கிறான் என்று பிள்ளைகளுக்குக் காட்டட்டும். சின்ன வயதில் என் துணிப்பெட்டிக்கு அடியில் விறகு வைத்து முட்டுக் கொடுத்து விளையாடுவான். நீயும் பிள்ளைகளோடு உட்கார்ந்து கேள்.

பையன் எதைப் பார்த்துப் பயப்படுகிறான் என்று நீ யோசித்ததுண்டா? பூமியையா?

ஞானசுந்தரி


சாம்பியன் ரீப்ஸ்
2 பிப்ரவரி 1905

பிரியமுள்ள அண்ணிக்கு,

ஏழு வாரம் பதில் எழுதாதவளை மன்னியுங்கள். கேக் நசுங்கித்தான் வந்தது, கரண்டியால் தின்றோம். உங்கள் சுகத்துக்காகத் தினமும் ஜெபிக்கிறோம்.

முதலில் ஏனோக் சொன்னதை எழுதிவிடுகிறேன். வீட்டில் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டேனா, வாசலில் நின்றபடியே சொன்னான்: "எங்க வூட்ல ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. அம்மா ஓடுவாங்க."

அதற்குத்தான் பிள்ளைகள் சிரித்தார்கள். இனி நீங்கள் எதுவும் கேட்க வேண்டியதில்லை, எல்லாம் விளங்கியிருக்கும்.

ஜனவரியில் உங்கள் தம்பியைக் கொட்டகைக்குக் கூப்பிட்டேன். வெட்கப்பட்டுக்கொண்டு, குளித்து, சீவி, சட்டை மாற்றி வந்தார். இரண்டு செங்கல்லை இடைவெளி விட்டு வைத்து, மேலே ஒரு சுட்ட அப்பளத்தைக் கூரையாகப் போட்டார். அப்பளத்தின் நடுவில் ஒரு கொட்டாங்கச்சி. அதில் ஒவ்வொருவராக ஒரு கூழாங்கல் போட வேண்டும். ஒன்பதாவது கல்லில் படார்! பிள்ளைகள் கூச்சல் போட்டுக்கொண்டு கூரையைப் பொறுக்கித் தின்றார்கள்.

"இப்போ முட்டுக் குடுப்போமா?" என்று விளக்குமாற்றுக் குச்சிகளை ஒடித்து எடுத்தார். புது அப்பளத்தின் அடியில் குச்சியை நிறுத்த வேண்டும். அவர் விரல் நுழையவில்லை. சம்பங்கியின் கை பட்டு ஒரு அப்பளம் போயிற்று. "சின்ன வெரலு யாருக்குக் கீது?" என்று அவர் கேட்டதுதான் தெரியும், ஏனோக் வந்து அவர் பக்கத்தில் குந்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு நாலு குச்சியை நிறுத்திவிட்டான். கூரைக்குள் வந்துவிட்டோம் என்பதே அவனுக்குத் தெரியவில்லை. நாங்களும் மூச்சு விடவில்லை.

முப்பத்தொரு கல் தாங்கியது அண்ணி!

அதற்குப் பிறகும் கல் போட்டார்கள், உடைந்தது. ஏனோக் கேட்டான், "அப்போ முட்டுக் குடுத்தாலும் உடையுமாப்பா?"

"உடையும் ராஜா. ஆனா கட்டை முன்னாடியே மொனகும். கிரீச்னு சத்தம் குடுக்கும். கேட்டதும் வெளிய வந்துருவோம்."

"உனுக்குக் கேக்குமா?"

"அதைக் கேக்குறதுதான் எனுக்கு வேலையே."

ஆறு வருஷம் குடும்பம் நடத்தியிருக்கிறேன். அவருடைய வேலை கேட்பது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். எப்போதும் கேட்டுவிடும் என்று நான் நினைக்கவில்லை, அவரும் அப்படிச் சொல்லவில்லை. ஆனாலும் இருட்டுக்குள் ஒரு ஆள் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறார் என்று தெரிந்துகொண்டது எனக்குப் பெரிய காரியமாக இருக்கிறது.

இத்தோடு நிறுத்தினால் நல்ல கடிதமாக இருக்கும். ஆனால் முந்தாநாள் குலுங்கியது. துரை, மேஸ்திரி இரண்டும் விழுந்தன. நான் ஓடினேன். நான் ஓடியதைப் பார்த்து ஏனோக்கும் ஓடி வந்தான். நேற்று மறுபடி வாசலுக்கு வெளியே நின்றுகொண்டான்.

மார்ச்சில் பள்ளி இன்ஸ்பெக்டர் வருகிறார். சாம்பலும் குச்சியும் என்ன படிப்பு என்று சபை மூப்பர் ஒருவருக்குச் சந்தேகம். இன்ஸ்பெக்டர் முகம் சுளித்தால் ஈஸ்டரோடு வகுப்பை மூடிவிடுவார்களாம். வகுப்பு போனால் ஏனோக் விஷயம் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும்.

ஐடா


வேலூர்
10 பிப்ரவரி 1905

அன்புள்ள ஐடாவுக்கு,

உன் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டவில்லை.

தவணை தவணைதான். ஈஸ்டருக்குப் பத்து வாரம் இருக்கிறது. கட்டில் போட்டாயிற்று, புதுக் கொசுவலையும் தைத்தாயிற்று. அவன் வந்து அந்தக் கட்டிலில் படுப்பதில் எனக்குச் சந்தோஷம்தான், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் நீ தோற்று அனுப்பினால் அந்தச் சந்தோஷத்தில் எனக்குப் பாதி குறைந்துவிடும்.

அங்கே சட்டம் போட்டது சம்பங்கி. அதைக் கேட்கிற பிள்ளைகள் இருபத்துமூன்று. இருபத்துநாலாவதாக நீ சேரலாம்.

இன்ஸ்பெக்டருக்குக் காப்பி கெட்டியாகப் போட்டுக் கொடு.

ஞானசுந்தரி


சாம்பியன் ரீப்ஸ்
17 மார்ச் 1905

என் அருமை அண்ணிக்கு,

சுகம் விசாரிக்கக்கூடப் பொறுமை இல்லை. நீங்கள் சுகமாகத்தான் இருப்பீர்கள், இருந்தே ஆக வேண்டும், ஏனென்றால் இதை நீங்கள் கேட்க வேண்டும். நேற்று இன்ஸ்பெக்டர் வந்தார்!

மைசூர்ப் பக்கத்து மனிதர். ஜரிகைத் தலைப்பாகை, கன்னடமும் கொஞ்சம் தமிழும். சபை மூப்பர் கூடவே வந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டார். இன்ஸ்பெக்டர் அரிச்சுவடி கேட்டார், சொன்னார்கள். ஏழாம் வாய்ப்பாடு கேட்டார், தடுமாறினார்கள். மூப்பர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! அப்புறம் சுவரைப் பார்த்தார். "இதேனம்மா? காளை, பாம்பு?" பெருமாளின் பையன் எழுந்து ஐந்து வீட்டுக் கதையையும் மூச்சு விடாமல் சொன்னான். அவர் சிரிக்கவில்லை. பலகையில் நிற்கும் மூங்கிலைக் காட்டி, "இது ஆட்டமா, பாடமா?" என்று கேட்டார். நான் வாயைத் திறந்தேன்.

அந்த நிமிஷம் அவர் கேள்வி பூமியின் காதில் விழுந்தது போல இருந்தது. கீழே எங்கோ ஒரு இடி. கொட்டகைத் தகரம் சடசடவென்று அடித்துக்கொண்டது. நாற்காலி தானாக நகர்ந்தது. இன்ஸ்பெக்டர் "சிவ சிவா!" என்று ஒரே தாவு, வாசலில் இல்லை, ஜன்னல் வழியாக! தலைப்பாகை ஜன்னல் கொக்கியில் மாட்டிக்கொண்டு ஆடியது. மூப்பர் மேஜைக்கு அடியில் போய்விட்டார். அங்கிருந்து சங்கீதம் சொல்லும் சத்தம் கேட்டது.

என் காலா? என் காலும் திரும்பிவிட்டது அண்ணி. ஒரு அடி எடுத்து வைத்தும்விட்டேன். உங்கள் தம்பி காலை ஷிப்ட்டில் கீழே இருக்கிறார். அது மட்டும்தான் என் தலையில் இருந்தது.

"அம்மா! ஓடாத! குச்சி விழுந்துடும்!"

ஏனோக். வாசற்படிக்கு வெளியே இல்லை. உள்ளே, பலகைக்கு ஒரு முழம் தள்ளி, இரண்டு கையையும் விரித்து எல்லோரையும் தடுத்துக்கொண்டு நிற்கிறான். இருபத்துமூன்று பிள்ளைகளும் உட்கார்ந்த இடத்தில் சிலைபோல் இருக்கிறார்கள். ஒருத்தர் அசையவில்லை. அசைந்தது நான் ஒருத்திதான். எல்லாருடைய கண்ணும் என் காலில்தான் இருக்கிறது.

நின்றுவிட்டேன். எடுத்த காலை மெதுவாக, மெதுவாகக் கீழே வைத்தேன்.

ஏனோக் குனிந்து பார்த்தான். அவன் குரலை அவ்வளவு சத்தமாக நான் செப்டம்பருக்குப் பிறகு கேட்கவில்லை. "மூணு! மூணுதான் உழுந்துச்சு! குட்டையும் அம்மியும் நிக்குது!" சம்பங்கி சிலேட்டில் மூன்று என்று எழுதி, தேதியும் போட்டாள். அதன் பிறகுதான், சட்டப்படி, எல்லோரும் எழுந்து கை தட்டினார்கள்.

ஏனோக் வெளியே போனான். இன்ஸ்பெக்டர் வேப்பமரத்தைக் கட்டிக்கொண்டிருந்தார். அவர் விரலைப் பிடித்துக்கொண்டு, "பயப்படாதீங்க சார். மூணுதான். உள்ள வாங்க, எப்டி பாக்குறதுன்னு சொல்லித் தரேன்" என்று கூட்டி வந்தான். அவர் நாற்காலியில் உட்காரவில்லை, தரையில் பிள்ளைகளோடு குந்தினார். ஐந்து மாதக் கணக்கு எழுதிய சிலேட்டுகளைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். எந்த வாரம் அதிகம், எந்த வாரம் இல்லை என்று கேட்டார், பிள்ளைகள் சொன்னார்கள். அப்பளமும் சுட்டுக் காட்டினோம். தின்றார். போகும்போது பார்வைப் புத்தகத்தில் எழுதியதை மனப்பாடமாகவே எழுதுகிறேன்: "வாய்ப்பாடு சுமார். மற்றதில் இந்த வகுப்பிடம் நானே பாடம் கற்றேன். வகுப்பு தொடர வேண்டும். மற்றப் பள்ளி ஆசிரியர்கள் வந்து பார்க்க ஏற்பாடு செய்கிறேன்." மூப்பர் அதை மூன்று தரம் வாசித்தார். பிறகு, ஆரம்பத்திலிருந்தே தனக்கு இந்த முறையில் நம்பிக்கை என்று சொன்னார். சொல்லட்டும்.

இன்னும் இருக்கிறது. இன்ஸ்பெக்டர் அப்பளம் தின்றுகொண்டிருந்தபோது யாரோ மூச்சிரைக்க ஓடி வந்து வாசலில் நின்றார்கள். பார்த்தால் உங்கள் தம்பி. விளக்கு மாட்டிய தொப்பி தலையில், முகமெல்லாம் கல்தூசி, ஒரு காலில் செருப்பு இல்லை.

"இன்னாங்க, இன்னா ஆச்சு?" என்றேன்.

"எனுக்கு இன்னா ஆவும்! கேஜ்ல மேல வந்து பாத்தா நீ இல்ல. ஷாப்ட்ட சுத்திச் சுத்திப் பாத்தேன். நீ இல்ல! உங்களுக்குத்தான் என்னமோ ஆயிடுச்சுன்னு..."

வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அரை மைல் ஓடி வந்திருக்கிறார். சம்பங்கி இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "நாங்க யாரும் ஓடல. நீங்கதான் ஓடிக்கினு கீறீங்க" என்றாள். கொட்டகையே இடிந்து விழும்படி சிரிப்பு. இன்ஸ்பெக்டருக்குப் புரையேறிவிட்டது.

அந்தக் குலுக்கலில் கீழே யாருக்கும் ஒன்றுமில்லை, இரண்டு பேருக்குச் சிராய்ப்பு. நான் நின்றதனால் அல்ல, அது எனக்குத் தெரியும். ஓடியிருந்தாலும் அவர் பிழைத்துத்தான் வந்திருப்பார். அதுவும் இப்போது தெரியும்.

ஏனோக் நேற்று உள் அறையில், சுவரோரமாக, முந்தானை இல்லாமல் தூங்கினான். தூங்குவதற்கு முன் ஒரு மணி நேரம் பேசினான். வாயை மூடச் சொல்லி நான் அதட்டினேன். அதட்டும்போது எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா!

அதனால், அண்ணி, ஏனோக்கை அனுப்பமாட்டேன். தவணை கேட்கவில்லை, கெஞ்சவில்லை. அனுப்பமாட்டேன் என்று சொல்கிறேன். நீங்கள் தைத்த கொசுவலைக்கு அவன் ஒரு நாள் வருவான், விடுமுறைக்கு, அவன் ஆசைப்பட்டு, நானும் கூட.

ஆனால் ஈஸ்டருக்கு நீங்கள் வர வேண்டும். அத்தைக்குப் பலகைக்குப் பக்கத்திலேயே இடம் போட்டு வைத்திருக்கிறான். முழங்கால் வலி என்று சாக்குச் சொல்லாதீர்கள், ஸ்டேஷனிலிருந்து வண்டி வைத்துக் கூட்டி வருவோம். எந்தத் தேதி, எந்த ரயில் என்று தயவுசெய்து சீக்கிரம் பதில் எழுதுங்கள்.

உங்கள்,
ஐடா